காட்பாடி காந்தி நகர்: மரநிழல் தெருவில் குடியிருக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூருக்கு மாற்றலாகி வருகிறவர்கள், வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தவர்கள், சி.எம்.சி. சிகிச்சைக்காக மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்கள், ஓய்வு பெற்றுச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். பதில்கள் காந்தி நகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் பழைய தெருக்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

காந்தி நகர் எங்கே இருக்கிறது? ஊருக்கு எவ்வளவு பக்கம்?

பாலாற்றுக்கு வடகரையில், காட்பாடி சாலையை ஒட்டி. காட்பாடி ஜங்ஷன் சுமார் 2 கிலோமீட்டர். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புதிய பஸ் ஸ்டாண்டு, அதற்கு மேலே சி.எம்.சி. ஆஸ்பத்திரி, மொத்தம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அஞ்சல் குறியீடு 632006. 1954-ல் தொடங்கிய ஆக்சிலியம் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேர்கோட்டில் ஓடுவதும், பழைய வீடுகள் சுற்றிலும் இடம் விட்டுக் கட்டப்பட்டதும்தான் இந்தப் பகுதிக்கு இவ்வளவு மரம் வாய்த்ததற்குக் காரணம். வீட்டைச் சுற்றிப் பத்தடி மண் இருந்தால்தான் ஒரு வேம்பு நிற்கும்.

மர நிழலால் வேலூர் வெயில் குறையுமா, அல்லது சும்மா சொல்கிறார்களா?

குறையும். ஆனால் எது குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலூரில் மே மாதம் பல நாள் 40 டிகிரியைத் தாண்டும், கத்திரியில் 42, 43 தொடுவதும் உண்டு. அந்தக் காற்றின் சூட்டை ஒரு தெரு மரம் பெரிதாக இறக்கிவிடாது. சுவரும் தரையும் சூடேறாமல் தடுப்பதுதான் மரம் செய்கிற வேலை. மேற்குச் சுவரில் பகல் 2 மணி முதல் 6 மணி வரை வெயில் அடித்தால், அந்தச் சுவர் ராத்திரி 11 மணி வரை அனலைக் கக்கும். மேற்கே ஒரு நல்ல மரம் நிற்கிற வீட்டில் எட்டு மணிக்கே ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கலாம். மின்கட்டணத்தில் தெரியும் வித்தியாசமும் இங்கிருந்து வருவதுதான்.

இன்னொன்று. எல்லா மரமும் எல்லா மாதமும் நிழல் தராது. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் இலை கொட்டி, சித்திரைக்குள் தளிர்த்துவிடும். வெயில் உச்சத்துக்கு ஏறும்போது நிழல் தயாராக இருக்கும். குல்மோகர் என்கிற மயில்கொன்றை வெயில் கொளுத்துகிற நேரத்தில் மொட்டையாக நின்று, பூத்த பிறகுதான் இலை விடும். பார்க்க அழகு, ஆனால் சித்திரையில் குடை இல்லை. நாட்டு வாதுமை வருடத்துக்கு இரண்டு முறை இலை கொட்டும். வீடு பார்க்கும்போது "மரம் இருக்கிறது" என்பதோடு நிற்காமல், என்ன மரம், எந்தத் திசையில் என்று பாருங்கள்.

முகவரி ஏன் இவ்வளவு குழப்பம்?

கிழக்கு மெயின் ரோடு, கிழக்கு கிராஸ் ரோடு, மேற்கு மெயின் ரோடு, மேற்கு கிராஸ் ரோடு என்று நான்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் எண். "ஏழாவது கிழக்கு" என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரருக்கு இரண்டு இடம் வரும். மெயினா, கிராஸா என்று சேர்த்தே சொல்லுங்கள். கேஸ், கூரியர், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இது முக்கியம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முழு முகவரியையும், பக்கத்தில் உள்ள பள்ளி அல்லது கோயில் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வாசலுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் பதறுகிறவர்கள் பார்த்துப் படிக்கலாம்.

வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். காட்பாடி ரயில் நிலையத்துக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் 1, 2 நம்பர் பஸ்கள்தான் இந்தச் சாலையின் உயிர். சில்க் மில், ஓடை பிள்ளையார் கோயில் நிறுத்தங்களில் ஏறலாம். ஷேர் ஆட்டோவும் உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற முக்கிய ரயில்கள் காட்பாடியில் நிற்கும், சென்னை–மைசூரு வந்தே பாரத் உட்பட. சென்னை 130 கிலோமீட்டர். காலையில் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் இங்கே நிறைய.

சிக்கல் பாலத்தில். காலை 8 முதல் 9.30, மாலை 4 முதல் 7 வரை பாலாற்றுப் பாலமும் அதற்கு அந்தப் பக்கம் கிரீன் சர்க்கிளும் திணறும். சி.எம்.சி.யில் எட்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

வாடகை வீடு பார்க்கப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பகல் 3 மணிக்குப் போங்கள். காலையில் எல்லா வீடும் குளுமையாகத்தான் இருக்கும். மேல்மாடி வீடானால் மெத்தைத் தளத்தின் (மொட்டை மாடியின்) அடிப்பக்கம், அதாவது உங்கள் கூரையின் உள்பக்கத்தை, நாற்காலி போட்டு ஏறிக் கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால், ஏ.சி. போட்டாலும் அந்த அறை ஆறாது.

பிறகு மெத்தைக்கு ஏறி மழைநீர் இறங்கும் வாய்களைப் பாருங்கள். மரத்தடி வீட்டில் மெத்தை ஒழுகினால், பாதிக்கு மேல் குற்றவாளி விரிசல் அல்ல, இந்த வாய்தான். இலை அடைத்து, நாலு அங்குலத் தண்ணீர் இரண்டு நாள் நின்று, சுண்ணாம்பைத் துளைத்து இறங்குகிறது. வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். குழாய் 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். செப்டிக் டேங்கா, பாதாளச் சாக்கடை இணைப்பா? தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. செப்டிக் டேங்க் என்றால் போர்வெல்லிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பழைய மனைகளில் பல இடத்தில் இந்த இடைவெளி கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் போர்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தமும் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். நடைமுறையில் வீட்டுக்காரர்கள் கூடுதலாகக் கேட்பதுண்டு. பேசிக் குறைக்கலாம். கொடுத்த தொகை முழுவதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். மரத்தைக் கத்தரிப்பது, இலை அள்ளுவது, மெத்தை வாய் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல்தான் மழைக்காலத்தில் மனஸ்தாபம் வருகிறது.

வாங்குவதானால்?

இங்கே விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பழைய வீடுகள். வாரிசுகள் பலர், சிலர் வெளிநாட்டில். பதிவுத் துறை இணையத்தில் குறைந்தது 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டாவோடு டவுன் சர்வே பதிவேட்டு நகலும் எடுத்து, மனையின் அளவும் எல்லையும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் அல்லது முறையான பவர் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் பின்னால் தலைவலி. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

தண்ணீர் போதுமா?

மாநகராட்சிக் குழாயில் காவிரி கூட்டுக் குடிநீரும் உள்ளூர் ஆதாரத் தண்ணீரும் வருகிறது. தினமும் வராது. எனவே கீழே ஒரு சம்ப் அவசியம். நகர்ப்புறத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. நான்கு பேருக்கு 540 லிட்டர். 6,000 லிட்டர் சம்ப் நிறைந்திருந்தால் பதினோரு நாள் ஓடும். செடிகளுக்கு ஊற்றினால் எட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்த் தண்ணீர் வீட்டுக்கு வீடு மாறும். கீழே பாறை. விரிசலில் ஊறும் தண்ணீர்தான் வருகிறது, பக்கத்து வீட்டில் இனிப்பாக இருந்தால் உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. குழாய் முனையில் வெள்ளைப் படிவம் கட்டியிருந்தால் கடினத் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

மழைநீரைச் சேகரிப்பது 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். 1,000 சதுர அடி மெத்தையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழுகிறது. வேலூருக்கு வடகிழக்குப் பருவமழை மட்டுமல்ல, ஆடி முதல் புரட்டாசி வரை மாலை நேர இடி மழையும் நன்றாகப் பெய்யும். ஆகவே வடிகட்டித் தொட்டியை ஐப்பசிக்குக் காத்திராமல் ஆனியிலேயே சுத்தம் செய்யுங்கள். 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழம் போதும். அடியில் 40 எம்.எம். ஜல்லி, மேலே 20 எம்.எம். ஜல்லி, அதற்கு மேலே ஆற்று மணல். மரத்தடி வீடுகளில் மணல் மேல் இலைத்தூள் படிந்து களிபோல் இறுகிவிடும், தண்ணீர் மேலேயே நிரம்பி வழியும். மேல் இரண்டு அங்குல மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட்டால் சரியாகிவிடும். மெத்தை வாயிலேயே துருப்பிடிக்காத கம்பி வலை வைத்தால் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவு இலையை என்ன செய்வது? எல்லோரும் எரிக்கிறார்களே?

தயவுசெய்து எரிக்காதீர்கள். காலை ஆறரை மணிக்கு வாசலில் கூட்டிக் கொளுத்துகிற அரைக்கூடை இலை, தெரு முழுக்க மூச்சுத் திணறலைக் கொண்டுவருகிறது. மார்கழி, தை மாதங்களில் புகை மேலே எழும்பாமல் ஆளுயரத்திலேயே தங்கிவிடும். இந்தத் தெருக்களில் ஆஸ்துமாக்காரர்களும், ஆபரேஷன் முடிந்து தங்கியிருக்கும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

இலையைக் கொல்லையிலேயே மக்க வைக்கலாம். கோழி வலை 10 அடி வாங்கி வளைத்துக் கட்டினால் மூன்றடி அகல வட்டக் கூடு ஆகும், உயரம் நான்கு அடி. மரத்தடியில், சுவரை விட்டு இரண்டடி தள்ளி, வெறும் மண்மேல் நிறுத்துங்கள், சிமென்ட் தரையில் வேண்டாம். அடியில் ஒரு சாண் உயரம் குச்சி, மட்டை. அதன்மேல் ஓரடி இலை போட்டு மிதித்து அமுக்கி, அரை வாளி சாணிக் கரைசல் ஊற்றுங்கள். சாணி பால்காரரிடம் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் புளித்த மோரும் இரண்டு கை தோட்ட மண்ணும் போதும். இப்படியே அடுக்கு அடுக்காக. வேம்பு, புங்கன் இலை நான்கைந்து மாதத்தில் மக்கும். மா, வாதுமை இலை தடிப்பானது, தோல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தண்ணீர் இறங்க விடாது. அவற்றைக் காயவைத்துக் கோணியில் போட்டு மிதித்து நொறுக்கிய பிறகு சேருங்கள்.

பெரும்பாலான கூடுகள் பங்குனியில் நின்றுபோகும். காரணம் ஒன்றே, ஈரம் போய்விடும். கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுங்கள். பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. உதிர்ந்தால் வாரம் இரண்டு வாளி தண்ணீர். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் போடலாம். மீன், கறிக் கழிவு வேண்டாம், எலியும் அதன் பின்னால் பாம்பும் வரும்.

இடம் இல்லாதவர்கள் மக்கும் குப்பையாகத் தனியே கோணியில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் கலந்து கொடுத்தால் அவர் தெருவிலேயே உட்கார்ந்து கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. அது நாம் அவருக்குச் செய்கிற அநியாயம்.

வேப்பமரம் திடீரென்று கருகிவிட்டது. செத்துவிட்டதா? வெட்டலாமா?

வெட்டாதீர்கள், பொறுங்கள். சமீப வருடங்களில் தமிழ்நாடு முழுக்கக் குளிர்காலத்தில் வேம்பின் கிளை நுனிகள் தீப்பட்டது போலப் பழுப்பாகிக் காய்கின்றன. தேயிலைக் கொசு என்கிற பூச்சி தளிரை உறிஞ்சுகிறது, அந்தக் காயத்தில் பூஞ்சணம் ஏறி நுனி கருகுகிறது. பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் மறுபடி துளிர்க்கும். சந்தேகம் இருந்தால் சுண்டுவிரல் தடிமன் கிளையில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனிகளை மட்டும் நறுக்கி அப்புறப்படுத்துங்கள், அடிமரத்துக்கு வாரம் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கருகியதைப் பார்த்துப் பயந்து வெட்டப்பட்ட மரங்களுக்குக் கணக்கில்லை. முப்பது வருட நிழல் ஒரே காலையில் போய்விடுகிறது.

கிளை மின்கம்பியில் உரசுகிறது. யாரைக் கூப்பிடுவது?

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, எந்நேரமும் எடுப்பார்கள். மீட்டர் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே துரட்டி எடுத்துக்கொண்டு ஏறக் கூடாது. பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும், இரும்புத் துரட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று ஊழியர்கள் கிளை வெட்ட வருவார்கள். அன்று ஒருவர் பக்கத்தில் நின்று, கம்பியை நோக்கிப் போகும் கிளையை மட்டும் அதன் கணுவில் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் வெட்டினால் அந்த இடத்தில் பத்து மெல்லிய கிளை முளைத்து அடுத்த வருடம் தொல்லை இரட்டிப்பாகும். மரியாதையாகக் கேட்டு, வெட்டிய கிளையை நீங்களே அகற்றுவதாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

தெருவோர மரம் அரசுச் சொத்து. அதை அடியோடு வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

புதிதாக மரம் வைக்க எது நல்லது?

கம்பிக்குக் கீழே என்றால் மந்தாரை மாதிரி குட்டையானது. கம்பி இல்லாத பக்கம் என்றால் புங்கன், வேம்பு, மகிழம். மகிழம் மெதுவாக வளரும், ஆனால் வருடம் முழுக்கப் பசுமை, காற்றில் முறியாது. தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வேகமாக வளர்ந்து, சித்திரை வைகாசிக் காற்றில் கிளை முறித்து வண்டிமேல் போடும். அரசு, ஆல் கன்றுகள் சுவரிடுக்கில் தானே முளைக்கும், விரல் தடிமன் ஆவதற்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். விட்டால் அதன் வேர் சாக்கடைக் குழாய் இணைப்பில் புகும்.

குழி 3 அடிக்கு 3 அடி, காம்பவுண்டு சுவரிலிருந்து 6 அடி தள்ளி. செம்மண், மணல், மக்கிய எரு சம பங்கு, கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. ஆடி மழையில் நடுவது உத்தமம். முதல் இரண்டு கோடைக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு குடம், 15 லிட்டர். கன்றைச் சுற்றி வைத்த கம்பிக் கூண்டை மூன்றாம் வருடம் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கம்பி மரத்துக்குள் போய்விடும். சாலை போட வருபவர்கள் அடிமரம் வரை கான்கிரீட் ஊற்றும் முன் சுற்றி 4 அடி மண் விடச் சொல்லுங்கள். ஊற்றி முடித்த பிறகு சொன்னால் யாரும் உடைக்க மாட்டார்கள்.

கொசு, பாம்பு?

டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். தேங்காய் ஓடு, செடித் தட்டு, ஃபிரிட்ஜ் அடித்தட்டு எல்லாம் தெரிந்ததே. பலரும் விட்டுவிடுவது மரப்பொந்து. பழைய வேம்பில் கிளை முறிந்த பொந்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். மணலைப் போட்டு நிரப்பிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்த்தால் போதும்.

பாம்பில் பெரும்பாலும் கண்ணில் படுவது சாரை, விஷமில்லாதது. கட்டுவிரியனும் நல்ல பாம்பும் உண்டு. செங்கல் குவியல், விறகு, பழைய ஓடு ஆகியவற்றைச் சுவரோரம் வைக்காதீர்கள். ராத்திரி கொல்லைக்கு டார்ச் இல்லாமல் போகாதீர்கள், தரையில் படுத்தால் கொசுவலையை ஓரம் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ல் அல்லது கிடைத்த வண்டியில் நேரே ஆஸ்பத்திரிக்கு. கட்டுவிரியன் கடி வலிக்காது, பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சரிதல் என்றால் தாமதிக்காதீர்கள். சி.எம்.சி.யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்புத் துறைக்கு 101.

மரத்தடி வீட்டில் சோலார் போடலாமா?

காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத இடம் மெத்தையில் இருந்தால் போடலாம். 3 கிலோவாட்டுக்கு சுமார் 300 சதுர அடி. மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை. ஒரு தகட்டின் ஓரத்தில் கிளை நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும். சோலாருக்காக மேற்கு மரத்தை வெட்டினால், அது தருகிற மின்சாரத்தின் ஒரு பகுதியை ஏ.சி.யே குடித்துவிடும்.

எந்த மாதத்தில் குடிவரலாம்?

பள்ளிக்காக வைகாசியில் வருகிறவர்கள்தான் அதிகம், வீடு கிடைப்பதும் அப்போதுதான் கஷ்டம். தை, மாசியில் தேடினால் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த மாதங்களில் மெத்தை ஒழுகுவதும் தெரியாது, கூரைச் சூடும் தெரியாது. அப்படித் தேடுகிறவர்கள், போன ஐப்பசியில் எந்த அறையில் பாத்திரம் வைத்தார்கள் என்று கீழ்வீட்டுக்காரரையோ வேலைக்கு வரும் அம்மாவையோ கேட்டுப் பாருங்கள்.